ராத்திரி வாளியை ஊற்றுவது யார்?

கேள்வி: சிட்னி வென்ட்வொர்த்வில்லில் சொந்த யூனிட்டில் இருக்கிறோம். இரண்டு வருடமாக மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் எங்கள் இரண்டாவது பெட்ரூம் சீலிங்கில் ஒழுகுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பை நிர்வகிக்கும் ஸ்ட்ராட்டா மேனேஜருக்கு மெயில் போட்டு அலுத்துவிட்டது. ஆள் வந்து மேலே சிலிகான் பூசி, கீழே பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். மறுபடி ஒழுகும். மேல்வீட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர், கோயிலில் பார்க்கிறவர், முகத்தை முறித்துக்கொள்ள மனமில்லை. குடியிருப்புப் பராமரிப்புக்கான லெவி கட்டுவதை நிறுத்திவிடலாமா? அப்பா போனபின் ஊரிலிருந்து கூட்டிவந்த அம்மாதான் அந்த அறையில் படுக்கிறார். வாளி நிறைந்தால் அவரே எழுந்து ஊற்றிவிடுவதால் ராத்திரித் தூக்கம் கெடுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கடைசி வரிக்கு முந்தைய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யாருடைய தூக்கம் கெடுவதில்லை? உங்களுடையது. வயதான மனுஷி இருட்டில் எழுந்து, ஈரக் கார்ப்பெட்டில் கால் வைத்து, தளும்பும் வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வரை நடக்கிறார். அதை உங்களுக்குக் கிடைத்த வசதியாக எழுதியிருக்கிறீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எந்த ஸ்ட்ராட்டா மேனேஜருக்கு மெயில் போடுவீர்கள்? பூஞ்சணம் பிடித்த அறையின் காற்றை இரண்டு வருடமாகச் சுவாசிப்பதும் அவர்தான். தன் வீட்டை விட்டுவிட்டு மகனை நம்பி வந்தவருக்கு வீட்டிலேயே மோசமான அறையைக் கொடுப்பது தப்பு. அம்மா குறை சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள். எந்த அம்மா சொல்வார்?

இன்று ராத்திரியே உங்கள் அறையை அம்மாவுக்குக் கொடுங்கள். நீங்களும் மனைவியும் வாளிக்குப் பக்கத்தில் படுங்கள். இரண்டு வருடம் ஓடாத வேலை அப்புறம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள்.

அடுத்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எப்போது சொட்டுகிறது? மேலே யாரோ குளித்த பிறகா, ராப்பகலாக விடாமலா? குளித்த பிறகுதான் என்றால் டைல்ஸுக்கு அடியில் உள்ள வாட்டர்புரூஃபிங் போயிருக்கலாம், இல்லை வடிகால் கசியலாம். ஒரே சீராக விடாமல் சொட்டினால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். வந்த பிளம்பர்களுக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவர் சொல்வதைத் தேதி, நேரத்தோடு எழுதி, படமும் எடுத்து வையுங்கள். வாட்டர்புரூஃபிங் போயிருந்தால் சிலிகானும் பெயின்ட்டும் கறையைத்தான் மறைக்கும். மேலே வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள்.

மேல்வீட்டுக்காரரோடு சண்டை வரும் என்ற பயத்துக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. உங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் 2015 ஸ்ட்ராட்டா சட்டம், 106-ஆம் பிரிவுப்படி, பொதுச்சொத்தைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைப்பது வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த ஓனர்ஸ் கார்ப்பரேஷனின் கடமை. கட்டடத்தோடு வந்த பாத்ரூம் தரை டைல்ஸும் அதற்கடியில் உள்ள வாட்டர்புரூஃபிங்கும் அநேகமாகப் பொதுச்சொத்துதான். அவர் பிறகு பாத்ரூமை மாற்றிக் கட்டி, பராமரிப்புப் பொறுப்பை குடியிருப்பின் விதியான பை-லாவில் ஏற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. ஸ்ட்ராட்டா பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

மேனேஜர் என்பவர் ஓனர்ஸ் கார்ப்பரேஷன் வைத்திருக்கும் ஆள், அவ்வளவுதான். கடிதத்தை ஓனர்ஸ் கார்ப்பரேஷனின் செயலாளருக்கு எழுதுங்கள். 106-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, 14 நாள் கெடு கொடுத்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். அசையவில்லையென்றால் மாநில அரசின் நுகர்வோர் துறையான ஃபேர் டிரேடிங்கின் சமரசப் பேச்சு, அதுவும் பலிக்காவிட்டால் என்கேட் (NCAT) எனும் மாநிலத் தீர்ப்பாயம். நஷ்டஈடு கேட்கக் காலக்கெடு உண்டு, இன்னும் ஆறப்போடாதீர்கள். லெவியை மட்டும் நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தால் அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போட முடியாமல் நிற்பீர்கள்.

ஊர்க்காரரைக் கோயிலில் பார்க்கும்போது நேராகவே சொல்லுங்கள்: "உங்கள் பாத்ரூம் தண்ணீர் என் அம்மா தலைமாட்டில் விழுகிறது. சோதிக்க ஆள் வருவார்கள், கதவைத் திறந்துவிடுங்கள்." நல்ல மனிதர் என்றால் அன்று சாயங்காலமே வந்து பார்ப்பார். வராவிட்டால் அவர் முகம் கோணுமே என்று நீங்கள் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை.