பெயர் ஒன்று, மரபு வேறு

கேள்வி: கஜகஸ்தானில் மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகன், 'கஜக்' என்பதும் ரஷ்யக் குதிரைவீரர்களான 'கோசாக்' என்பதும் ஒரே சொல்தான் என்கிறான். அப்படியானால் இருவரும் ஒரே இனத்தவரா?
- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4

பதில்: சொல்லைப் பொறுத்தவரை உங்கள் அண்ணன் மகன் சொல்வது சரி. துருக்கிய மொழிகளில் 'கஸாக்' என்றால் எவருக்கும் கட்டுப்படாமல் புல்வெளியில் திரிபவன் என்று பொருள். 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் உஸ்பெக் நாடோடிக் கூட்டங்களை ஆண்ட அபுல் கைர் கானை விட்டுப் பிரிந்து சென்ற கூட்டத்தாருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் வழிவந்தவர்களே இன்றைய கஜக் மக்கள். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ரியாசான் பகுதிக் கோசாக்குகளைப் பற்றி ரஷ்ய நாளாகமங்கள் பேசுவதும் ஏறத்தாழ அதே காலத்தில், அதாவது 1444-ல்தான். ரஷ்ய மொழியில் இவ்விரு பெயர்களுக்கும் இன்று கடைசி எழுத்தில் மட்டுமே வேறுபாடு. அதுவும் 1936-ல் ஏற்பட்டது.

ஆனால், பெயர் வந்த வழியிலேயே ஆட்களும் வந்தார்கள் என்று கொள்வதற்கில்லை. 'சிப்பாய்' பாரசீகச் சொல். அதற்காக 1806-ல் வேலூர்க் கோட்டையில் கலகம் செய்தவர்களைப் பாரசீகர் என்று யாரும் சொல்வதில்லையே!

கோசாக் என்பது தொடக்கத்தில் ஒரு வாழ்க்கை முறையாகவே இருந்தது. பண்ணை அடிமைத்தனத்துக்கு அஞ்சி ரஷ்யாவிலிருந்தும் போலந்து-லித்துவேனிய அரசிலிருந்தும் ஓடிவந்த குடியானவர்கள், டான் ஆற்றங்கரையிலும் தினேப்பர் ஆற்றின் பாறைச்சரிவுகளுக்குக் கீழும் குடியேறி, அங்கு முன்பே திரிந்த, துருக்கிய மொழி பேசும் தாத்தாரியரிடமிருந்து குதிரைப் போர்முறையையும் 'அத்தமான்', 'எசவுல்' போன்ற பதவிப் பெயர்களையும் கற்றுக்கொண்டனர். 'டானிலிருந்து யாரையும் திருப்பித் தருவதில்லை' என்பது அவர்களிடையே வழங்கிய பழமொழி. தப்பி வந்தவனை ஜார் மன்னரே கேட்டாலும் ஒப்படைக்க மாட்டோம் என்பது அதன் பொருள்.

மரபணுச் சான்றும் இதற்கு ஒத்தே வருகிறது. தந்தை வழியில் இறங்கும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தபோது, டான், குபான் ஆற்றுப் பகுதிகளின் கோசாக்குகளும் தினேப்பர்க் கரையின் சாப்பரோசியக் கோசாக்குகளும் ரஷ்யரோடும் உக்ரைனியரோடும் நெருங்கி நிற்பது தெரிந்தது. காக்கேசிய மலையடிவாரத்துத் தெரெக் கோசாக்குகளிடம் மட்டும் உள்ளூர் மலைவாசிகளின் கலப்பு கணிசமாக இருந்தது. ஒய் குரோமோசோம் தாய்வழியைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். டான் கோசாக்குகள் துருக்கிய, தாத்தாரியப் பகுதிகளைச் சூறையாடியபோது சிறைபிடித்த பெண்களை மணந்துகொண்டதுண்டு. அந்தப் பாட்டிமார்களின் தடத்தைத் தாய்வழி மரபணுவில்தான் தேட வேண்டும்.