கேள்வி பதில்: கேடட்டும் கூலிங் கிளாஸும்

பல்லடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நான் என்சிசி கேடட். குடியரசு தின அணிவகுப்புக்கு ஒத்திகை நடக்கிறது. வெயில் ஏற ஏறக் கண் கூசுகிறதே என்று ஏவியேட்டர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனேன். ஹவில்தார் சார் எல்லார் முன்னாடியும் கழற்றச் சொல்லிவிட்டார். பெரிய பெரிய ராணுவ அதிகாரிகள் போட்டிருக்கிற படங்களைப் பார்க்கிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?

ஹவில்தார் சார் சொன்னதுதான் சரி அம்மிணி. எல்லார் முன்னாடியும் சொன்னது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் வரிசையில் நிற்கும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல அவருக்கு எங்கே நேரம்?

நீங்கள் பார்க்கிற படங்கள் எங்கே எடுத்தவை என்று கவனியுங்கள். 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில், முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறுகிற அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர் படம் உலகப் பிரசித்தம், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடுதான் வருவார். அது போர்க்களம், அவர் அங்கே தளபதி. அணிவகுப்பு வேறு. 'தாஹினே தேக்', அதாவது 'வலது பக்கம் பார்' என்று குரல் வந்ததும் மொத்த அணியும் தலையைத் திருப்பி மரியாதை ஏற்பவரின் முகத்தைப் பார்க்கிறதே, அந்த இடத்தில் பார்வைதான் மரியாதை. கண்ணே தெரியாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாரைப் பார்த்ததாகக் கணக்கு? போதாததற்கு முப்பது பேர் நிற்கிற வரிசையில் ஒரே ஒரு மெட்டல் ஃப்ரேம் வெயிலில் மின்னினால் மேடையில் இருப்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

இது நம் ஊர் கெடுபிடி மட்டும் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் சீருடையோடு வெளியில் கூலிங் கிளாஸ் போட அனுமதி உண்டு, ஆனால் அணியில் நிற்கும்போது கூடாது. பளிச்சென்ற சிவப்பு, நீலம் மாதிரியான லென்ஸ் கூடாது, பெரிதாக எழுத்தும் அலங்காரமும் உள்ள ஃப்ரேம் கூடாது, சட்டையில் தொங்கவிடவும் கூடாது.

வீட்டிலிருந்து மைதானம் வரைக்கும் சாதா உடையில் போகும்போது தாராளமாகப் போடுங்கள், உள்ளே போவதற்கு முன்னால் பெட்டியில் வைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். சீருடையில் இருக்கும்போது அணியில் இல்லாத நேரத்துக்கு உங்கள் ஏஎன்ஓ, அதாவது கல்லூரியில் என்சிசியைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர், என்ன சொல்கிறாரோ அதுதான். அப்புறம் ஒன்று. ஜனவரி காலை வெயிலுக்கே கண்ணில் நீர் வழிகிறது, தலையும் வலிக்கிறது என்றால் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். பவர் மாறியிருக்கலாம், கண் வறட்சியாக இருக்கலாம். கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொன்னால் அதை எழுதி வாங்கி, ஒத்திகைக்கு முன்பே ஏஎன்ஓவிடம் கொடுத்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு விளக்கம் சொல்லாதீர்கள்.

அவிநாசியிலிருந்து ஒரு கேடட்: நான் போடுவது பவர் கண்ணாடி. வெயிலில் தானாகக் கறுக்கிற லென்ஸ். அதற்கும் திட்டு விழுகிறதுங்க.

விழத்தான் செய்யும். ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரு நிமிடத்துக்குள் கறுத்துவிடும், திரும்பத் தெளிய அதைவிட ரொம்ப நேரம் எடுக்கும். மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு அது கூலிங் கிளாஸ்தான். அதே பவரில் சாதா வெள்ளை லென்ஸ் ஒரு ஜோடி செய்து பரேடுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைந்த ஃப்ரேமே போதும்.

உடுமலையிலிருந்து ஒரு தகப்பனார்: பையன் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படிக்கிறான். லீவுக்கு வரும்போது ஏவியேட்டர் கண்ணாடி வேண்டுமாம், பைலட் ஆகப் போகிறானாம். வாங்கித் தரலாமா? எதைப் பார்த்து வாங்குவதுங்க?

லீவில் போடுவதற்குத்தானே, வாங்கிக் கொடுங்க. பள்ளிக்குள் கொண்டுபோகலாமா என்பதை மட்டும் அங்கே கேட்டுவிடுங்கள்.

சூலூரிலிருந்து தேஜஸ் போர் விமானம் பறப்பதைப் பார்த்து வளர்கிற பையனுக்கு இந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தக் கண்ணாடி விமானிக்காகவே பிறந்தது. 1930களில் அமெரிக்காவின் பாஷ் அண்ட் லாம் நிறுவனம், மேகத்துக்கு மேலே கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சத்தைச் சமாளிக்க இதைச் செய்தது. 1937இல் ரேபான் என்ற பெயர் வந்தது. லென்ஸ் கண்ணீர்த்துளி மாதிரி கீழே இறங்கி இருப்பது அழகுக்காக இல்லை. விமானி அடிக்கடி கண்ணைத் தாழ்த்தி முன்னால் உள்ள மீட்டர்களைப் பார்க்கவேண்டும், அப்போதும் லென்ஸ் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பதற்காக. இன்னொரு வகை கொஞ்சம் சதுரமாக இருக்கும், 1950களின் கடைசியில் அமெரிக்க விமானப்படைக்காக வந்தது. அதன் கைகள் காதுக்குப் பின்னால் வளையாமல் நேராகப் போகும். ஹெல்மெட்டோ ஹெட்செட்டோ மாட்டியிருக்கும்போதே உள்ளே செருகலாம், உருவலாம். என்னைக் கேட்டால் அதுதான் அழகு, ஆனால் பதினான்கு வயதுப் பையன் துளி வடிவத்தைத்தான் கேட்பான்.

கடையில் ஃப்ரேம் கையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 58, 14, 135 என்கிற மாதிரி பொடி எழுத்தில் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். பெரியவர்களுக்குப் பொதுவாக 58 சரியாக இருக்கும், ஒல்லி முகத்துக்கு 55 எடுங்கள். குனிந்து நிமிரச் சொல்லுங்கள், கன்னத்தில் இடித்தாலோ மூக்கில் வழுக்கினாலோ வேண்டாம்.

லென்ஸில்தான் விஷயமே இருக்கிறது. யுவி 400 என்று, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று, இருக்கவேண்டும். காந்திபுரத்தில் நடைபாதையில் விற்கிற கண்ணாடியில் அந்த ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் இருக்கும், அதை நம்பவேண்டாம். கண்ணாடிக் கடையில் யுவி மீட்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கறுப்பாக இருந்து யுவியைத் தடுக்காத லென்ஸ், கண்ணாடியே போடாததைவிட மோசம். இருட்டுக்குக் கண்பாவை விரியும், விரிந்த வழியில் கதிர் தாராளமாக உள்ளே போகும். இருட்டின் அளவுக்கு 0 முதல் 4 வரை வகை உண்டு. 3ஆம் வகை 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை விடும், நம் வெயிலுக்கு அது போதும். 4ஆம் வகை பனிமலைக்கு, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. சாம்பல் நிற லென்ஸில் நிறங்கள் அவ்வளவாக மாறாது. ஊட்டிக்குப் போகும்போதும் போடச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா பத்து சதவீதம் போலக் கூடும், ஊட்டி 2,240 மீட்டர். குளிருகிறதே என்று வெயிலை யாரும் சட்டை செய்வதில்லை.

கோபியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அப்புச்சி விட்டுப்போன பெட்டியில் பழைய ஏவியேட்டர் ஒன்று கிடைத்தது. லென்ஸ் ஓரத்தில் 'பிஎல்' என்று நுணுக்கமாகப் பொறித்திருக்கிறது. டூப்ளிகேட்டா?

அது பாஷ் அண்ட் லாமின் முதலெழுத்துகள். கைக் கீல் பக்கமாக லென்ஸில் சின்னதாக இருக்கும், வாயால் ஊதிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். அந்த நிறுவனம் 1999இல் ரேபானை இத்தாலியின் லுக்ஸோட்டிகாவுக்கு விற்றுவிட்டது, அதற்குப் பிறகு வந்தவற்றில் 'ஆர்பி' என்று இருக்கும். ஆகவே அப்புச்சி கண்ணாடி அசலாக இருந்தால் 1999க்கு முந்தையது. எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அதையும் பொறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கால லென்ஸ் நிஜக் கண்ணாடி, பிளாஸ்டிக்கைவிடக் கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அதைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடவோ புல்லட் ஓட்டவோ வேண்டாம்.

சூலூரிலிருந்து ஒரு கேடட்: விமானிகள் போலரைஸ்டு லென்ஸ்தானே போடுவார்கள்?

போடுவதில்லை தம்பி. காரில் போகும்போது தார் ரோட்டின் பளபளப்பைக் குறைக்க அது அருமை. விமானி அறையில் உள்ள எல்சிடி திரைகளைப் போலரைஸ்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால் சில கோணங்களில் இருண்டுவிடும், முன் கண்ணாடியிலும் வானவில் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். தூரத்தில் வருகிற இன்னொரு விமானத்தின் மினுக்கலைக்கூட அது மறைத்துவிடலாம். அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே விமானிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. உங்கள் செல்போனை எடுத்து, லென்ஸுக்குப் பின்னால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.