பிரெக்ஸிட்டைப் பற்றி இங்கே இரு தரப்பாருக்கும் ஏன் இத்தனை கோபம்?

அன்புள்ள சகோதரிக்கு,

லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் செவிலியராகச் சேர்ந்து முதல் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது, இந்த நாட்டுக்குப் புதிதாக வரும் நம்மவர் பலருக்கும் எழும் கேள்விதான். வார்டு ஓய்வறைத் தொலைக்காட்சியில் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது பற்றிய பேச்சு வந்ததும், உள்ளூர்க்காரரான மூத்த உதவிப் பணியாளர் "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார். போர்ச்சுகலிலிருந்து வந்து பல ஆண்டுகளாக அங்கேயே வேலை பார்க்கும் செவிலியர் "எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டார்கள்" என்கிறார். ஒருவர் விலகலை விரும்பியவர், மற்றவர் விரும்பாதவர், ஆனால் இருவரும் திட்டுவது ஒரே அரசைத்தான். இதில் யார் பக்கம் நியாயம், இந்தக் கோபம் என்னைப் போன்றவர்கள் மீதும் திரும்புமா, நடுவில் நான் வாய் திறக்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள்.

விலக வேண்டுமா என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. விலகலை அரசு நடத்திய விதத்தைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே இல்லை. நான் கென்ட் மாவட்டத்தில் ஆஷ்ஃபர்டில் குடியிருக்கிறேன். டோவர் துறைமுகம் வழியாகவும் கடலடிச் சுரங்கம் வழியாகவும் பிரான்ஸுக்குப் போய்வரும் லாரிகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. இந்த விவகாரத்தில் மற்றவர்கள் செய்தியாகப் படித்ததில் பாதி எங்கள் மேசைக்குக் காகிதமாக வந்து சேர்ந்தது என்பதால், அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகலுக்கும் 48.1 சதவீதத்தினர் நீடிப்பதற்கும் வாக்களித்தார்கள். வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்து எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கேட்காமல் விட்டதைப் போன்றது அது. நார்வேயைப் போல, சரக்கும் ஆட்களும் நாடு விட்டு நாடு தடையின்றிப் போய்வரும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையில் ஒரு காலை வைத்துக்கொள்வதும் விலகல்தான், கனடாவைப் போல வெறும் வணிக ஒப்பந்தத்தோடு நிற்பதும் விலகல்தான், எந்த ஒப்பந்தமும் இல்லாமல் கதவைச் சாத்துவதும் விலகல்தான். அத்தனை பேரும் ஒரே பெட்டியில் வாக்குப் போட்டார்கள். முடிவு வெளியான காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். விலகல் வென்றால் என்ன செய்வது என்று திட்டமிட வேண்டாம் என அவருடைய அரசு அதிகாரிகளிடம் சொல்லியிருந்ததைக் கடுமையான அலட்சியம் என்று நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவே பின்னர் கண்டித்தது.

அடுத்து வந்த தெரசா மே, எந்த வகை விலகல் என்று தம் அமைச்சரவைக்குள்ளேயே ஒருமித்த முடிவு எட்டப்படாத நிலையில் 2017 மார்ச் 29 அன்று விலகல் அறிவிப்பைக் கொடுத்து இரண்டாண்டுக் கெடுவைத் தொடங்கிவைத்தார். அதன்பிறகு, தேவையில்லாத ஒரு தேர்தலை நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்து, வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகக் கொண்ட டியூபி கட்சியின் தயவில் ஆட்சி நடத்தும் நிலைக்கு வந்தார். சிக்கலின் மிகக் கடினமான முடிச்சு இருந்ததும் அந்த வட அயர்லாந்தில்தான். ஒன்றியத்தின் சந்தையை விட்டு வெளியேறினால் எங்கேயாவது ஓர் எல்லைச் சோதனை வேண்டும். ஆனால் வட அயர்லாந்தின் நீண்ட வன்முறைக்கு முடிவுகட்டிய 1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அமைதி கண்ட நிலத்தில் அயர்லாந்துத் தீவுக்குள் சோதனைச் சாவடி வைக்க முடியாது. பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலில் வைத்தால் டியூபி ஒப்புக்கொள்ளாது. இந்த மூன்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்பதை மக்களிடம் நேராகச் சொல்ல எந்தப் பிரதமருக்கும் துணிவு வரவில்லை. இவ்வளவு பெரிய ஏமாற்ற உணர்வு அங்கேதான் முளைத்தது என்பது என் கணிப்பு.

2019ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களை நீங்கள் இங்கிருந்து பார்த்திருந்தால் உங்கள் சக பணியாளர்களின் சலிப்பு எளிதாகப் புரிந்திருக்கும். ஜனவரி 15 அன்று, தெரசா மே ஒன்றியத்தோடு பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 202க்கு 432 என்ற கணக்கில் தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் இத்தனை வாக்கு வித்தியாசத்தில் தோற்றதில்லை. மார்ச் மாதத்தில் அதே ஒப்பந்தம் மேலும் இருமுறை தோற்றது. அப்படியானால் உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று கேட்பதற்காக நாடாளுமன்றமே எட்டு வழிகளை வரிசைப்படுத்தி வாக்கெடுப்பு நடத்தியது; எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகளோடு மீண்டும் முயன்றார்கள்; நான்கும் தோற்றன. உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் யோசனை மூன்றே வாக்குகளில் போயிற்று. இரவு பத்து மணிக்குச் சபாநாயகர் ஜான் பெர்கோ ஒழுங்கு, ஒழுங்கு என்று கத்துவதைப் பார்க்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த காலம் அது.

எங்கள் பக்கத்தில் வேறொரு கூத்து நடந்தது. ஒப்பந்தமின்றி விலகினால் டோவரில் லாரிகள் தேங்கும் என்பதால், கென்டில் கைவிடப்பட்டிருந்த மான்ஸ்டன் விமான தளத்தில் அவற்றை நிறுத்தி வைத்து அனுப்புவது என்று திட்டம். அதற்காக 2019 ஜனவரி 7 அன்று போக்குவரத்து நெரிசலுக்கு ஓர் ஒத்திகை பார்த்தார்கள். நெரிசலுக்கு ஒத்திகை பார்த்த அரசு உலகில் வேறெங்கும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. வந்து சேர்ந்தவை 89 லாரிகள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் லாரிகளைக் கண்ட டோவர் ஓட்டுநர்கள் சிரித்த சிரிப்பு எங்கள் அலுவலகத்தில் வாரக்கணக்கில் ஓடியது. அதே சமயத்தில், சொந்தமாக ஒரு கப்பல்கூட இல்லாத ஒரு நிறுவனத்துக்குக் கூடுதல் படகுப் போக்குவரத்து நடத்த 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் கொடுத்திருந்தது வெளியே தெரிந்து, பிப்ரவரியில் அது ரத்தானது. படகு ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்ட முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்த சுரங்கப்பாதை நிறுவனத்துக்கு 3.3 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். எம்20 நெடுஞ்சாலையின் நடுவே, லாரிகளை ஒரு பக்கம் வரிசையாக நிறுத்துவதற்காக இரும்புத் தடுப்புகள் வந்து உட்கார்ந்தன. மற்ற வண்டிகளெல்லாம் எதிர்ப்புறத்துப் பாதையில் மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் ஊர்ந்தன.

அந்த வசந்தத்தில் விலகல் அறிவிப்பையே திரும்பப் பெறச் சொல்லி நாடாளுமன்ற மனுத் தளத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். தளமே சில மணி நேரம் முடங்கியது. அடுத்த இரண்டு மாதங்களில், விலகல் தேதி தள்ளிப்போனதால், இங்கே நடக்கவே கூடாது என்று இருந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்து, பிறந்து சில மாதங்களே ஆன பிரெக்ஸிட் கட்சி 29 இடங்களோடு முதலிடம் பிடித்தது. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தவை நான்கு. உங்கள் ஓய்வறையில் நீங்கள் கேட்கும் இரு குரல்களும் அப்போதே நாடு முழுவதும் ஒருசேர ஒலித்தவைதான்.

தெரசா மே பதவி விலகி போரிஸ் ஜான்சன் பிரதமராக வந்தபின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் மூடிவைக்க முயன்றார். 2019 செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். அக்டோபர் 31 அன்று கட்டாயம் விலகுவோம் என்று அந்தத் தேதி பொறித்து அச்சடித்த 50 பென்னி நாணயங்கள், விலகல் தள்ளிப்போனதும் உருக்கப்பட்டன. டிசம்பர் தேர்தலில் பிரெக்ஸிட்டை முடித்துவிடுவோம் என்ற ஒற்றை வாக்குறுதியோடு 365 இடங்கள் பெற்றார். அந்த வாக்குகளில் கணிசமான பகுதி நம்பிக்கையால் விழுந்தவை என்பதைவிட, இந்தப் பேச்சு எப்படியாவது தொலைந்தால் போதும் என்ற அலுப்பால் விழுந்தவை என்றே நினைக்கிறேன். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு விலகல் சட்டப்படி நடந்தது.

ஆனால் முடியவில்லை. அயர்லாந்துக் கடலில் எந்தப் படிவமும் இருக்காது, யாராவது கேட்டால் குப்பையில் போடுங்கள் என்று வட அயர்லாந்து வணிகர்களிடம் ஜான்சன் சொல்லியிருந்தார். ஆனால் அவர் செய்த ஒப்பந்தமே சோதனையை அந்தக் கடலில் வைத்ததால் படிவங்கள் வந்தன, அதனால் டியூபி ஆட்சியிலிருந்து வெளியேறி அந்த மாகாணச் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பிரிட்டனிலிருந்து போகும் சரக்குகளுக்கு ஐரோப்பா முழுச் சோதனை வைத்தது. ஒரு லாரியில் ஐந்தாறு சிறு வணிகர்களின் பாலாடைக் கட்டியும் இறைச்சியும் ஒன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அதில் கால்நடை மருத்துவர், அச்செழுத்தின் நிறத்திலிருந்து வேறுபட்ட மையில் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஒருவருடைய தாளில் ஒரு பிழை இருந்தால் மற்றவர்களின் சரக்கும் சேர்ந்து பிரான்ஸின் கலே துறைமுகத்தில் நிற்கும். எதிர்த் திசையிலோ, பிரிட்டன் தன் பக்கச் சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஒத்திவைத்து 2024ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய இறைச்சி தடையின்றி உள்ளே வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள செவிங்டனில் வயல்களாக இருந்த இடம் அதற்காகவே லாரி நிறுத்தமாக மாறியது. எங்களிடம் வரும் சிறு ஏற்றுமதியாளர்களில் விலகலுக்கு வாக்களித்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் என்னிடம் விலகியது தவறு என்று சொன்னதில்லை. இப்படியா விலகுவது என்றுதான் கேட்கிறார்கள்.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். பாஸ்டனில் விலகலுக்கு விழுந்தது 75.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். சுற்றிலும் காய்கறிப் பண்ணைகளும் பொதிகட்டும் கூடங்களும் உள்ள அந்த ஊருக்கு, 2004ஆம் ஆண்டு ஒன்றியம் கிழக்கே விரிந்தபின் போலந்து, லித்துவேனியா, லாட்வியா நாடுகளிலிருந்து மக்கள் வேகமாக வந்தார்கள். ஆண்டுக்கு அதிகபட்சம் 13,000 பேர் வருவார்கள் என்று அரசுக்காகத் தயாரித்த ஒரு மதிப்பீடு சொன்னது. வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. பள்ளியும் மருத்துவரும் வாடகை வீடும் அதற்கேற்பப் பெருகவில்லை. விலகினால் குடியேற்றம் குறையும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டு வாக்கில் நிகரக் குடியேற்றம், அதாவது ஓராண்டில் வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு, 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் குறைந்த இடத்துக்கு இந்தியா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து செவிலியர்களும் பராமரிப்பாளர்களும் மாணவர்களும் வந்தார்கள். நீங்களும் அந்தக் கணக்குக்குள் இருப்பவர்தான். உங்கள் உதவிப் பணியாளரின் ஏமாற்றம் இதுவாக இருக்கலாம், ஆனாலும் இரவுப் பணியில் உங்கள் பக்கத்தில் நின்று நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பவரும் அவர்தான். அந்தக் கோபம் உங்களைத் தொடவே தொடாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கடைத்தெருவில் எப்போதாவது ஒரு சொல் வரலாம். வார்டுக்குள் யாராவது அப்படிப் பேசினால் பொறுத்துக்கொண்டு போகாமல் மேலாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

போர்ச்சுகல் செவிலியரின் மனவருத்தம் வேறு வகை. விசா என்ற பேச்சே இல்லாமல் வந்து வாழ்ந்தவர், 2021 ஜூன் 30க்குள் தம் சொந்த வீட்டில் தங்குவதற்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து குடியுரிமையோடு லெஸ்டருக்கும் ஹாரோவுக்கும் குடிவந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களும் இதே வரிசையில் நின்றவைதான். அவர்களுக்கு 2016 பொதுவாக்கெடுப்பில் வாக்கு இல்லை. ஆனால் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், சென்னையிலிருந்து படிக்க வந்து சில மாதங்களே ஆன மாணவருக்கு இருந்தது.

ஆகவே ஓய்வறையில் நீங்கள் வாய் திறக்கலாம், ஆனால் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே சம்பளத்தைக் கேட்பதைவிட அது மோசமாக எடுத்துக்கொள்ளப்படும். அந்தக் கேள்வியால் பேச்சு முறிந்துபோன குடும்பங்கள் உண்டு. விலகிய பிறகு இந்த ஊரில் என்ன மாறியது என்று கேளுங்கள். இருவருமே மணிக்கணக்கில் பேசுவார்கள்.

2024இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்ப மாட்டோம் என்றே வாக்குறுதி கொடுத்தது. 2025 மே மாதம் உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஒன்றியத்தோடு பேச்சு தொடங்குவதாக அறிவித்தபோது, மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பக்கமும் இது போதாது என்று மறு பக்கமும் அன்றைக்கே குரல் எழுந்தது. பிரெக்ஸிட் கட்சியின் வாரிசான ரிஃபார்ம் கட்சிதான் உங்கள் தொகுதியை வென்றிருக்கிறது. விசா விதிகள் இந்த அரசியலோடு சேர்ந்து மாறுகின்றன என்பதால், யாரோ அனுப்பும் வாட்ஸாப் செய்திகளை நம்பாமல் அரசின் தளத்தில் நேரடியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் செய்யுங்கள். இந்தியக் குடிமகளாக, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசிக்கும் உங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை இப்போதே இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் போர்ச்சுகல் செவிலியருக்கு, பிரிட்டிஷ் குடியுரிமை பெறாதவரை, அது இல்லை. வாக்காளர் பதிவை இணையத்தில் சில நிமிடங்களில் முடிக்கலாம்; தேசியக் காப்பீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள், அதற்கு உங்கள் இந்தியக் கடவுச்சீட்டே போதும்.