வட்டக்கிளைத் தேர்தல், சந்தா, அரியர் நன்கொடை: ஓய்வூதியர் சங்க உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஓய்வூதியத் தொகையைப் பற்றியவை அல்ல. வட்டக்கிளைகளின் நடவடிக்கை, சந்தா, உறுப்பினர் உரிமை ஆகியவற்றைப் பற்றியவை. அரசு தரவேண்டியது எது, சங்கம் தரக்கூடியது எது என்பதைப் பல உறுப்பினர்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை என்பது இவற்றைப் படிக்கும்போது தெரிகிறது. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. துணைவிதிகள், அதாவது சங்கம் தன் நடைமுறைக்கென வகுத்துக்கொண்ட விதிகள், சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும் என்பதால், தங்கள் சங்கத்தின் துணைவிதிப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் வட்டக்கிளைக்குத் தேர்தல் நடந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. வரவு செலவுக் கணக்கும் கூட்டத்தில் வாசிக்கப்படுவதில்லை. கேட்டால், ‘வேறு யார் வந்து வேலை செய்யப் போகிறார்கள்?’ என்கிறார்கள். பதிவுத் துறையில் புகார் செய்யலாமா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கடலூர் மாவட்டம்)

புகார் எழுதுவதற்கு முன், பதிவு பெற்றிருப்பது எந்த அமைப்பு என்று பாருங்கள். பல சங்கங்களில் மாநில அமைப்பு மட்டுமே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெற்றிருக்கும். மாவட்டக் கிளையும் வட்டக்கிளையும் அதன் துணைவிதிப்படி இயங்கும் உறுப்புகளாகவே இருக்கும். அவ்வாறாயின், உங்கள் கிளைக்குத் தேர்தல் நடக்கவில்லை என்ற குறையை மாவட்டப் பதிவாளரிடம் கொண்டுபோவதால் பெரிய பயன் விளையாது. துணைவிதியில் கிளைத் தேர்தலைப் பற்றிய பிரிவைக் குறிப்பிட்டு, முதலில் மாவட்ட மையத்துக்கும், முப்பது நாள்களில் பதில் வராவிட்டால் மாநில மையத்துக்கும், அனுப்பியதற்கான அத்தாட்சி கிடைக்கும் வகையில் தபாலில் எழுதுங்கள். அக்கடிதத்தில் யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டாம். கடைசித் தேர்தல் நடந்த தேதி, கடைசியாகக் கணக்கு வாசிக்கப்பட்ட தேதி, அடுத்த கூட்டம் எப்போது என்ற மூன்று விவரங்களை மட்டும் கேளுங்கள். பணம் காணாமல் போய்விட்டது என்று ஆதாரமின்றி எழுதினால், பதில் அந்தச் சொல்லுக்குத்தான் வருமே தவிர நீங்கள் கேட்ட கணக்குக்கு வராது.

கிளையே தனியாகப் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் நிலைமை வேறு. அச்சட்டப்படி நிர்வாகக் குழுவினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மிகக்கூடாது. அவர்களையே மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை, ஆனால் தேர்தல் நடந்தாக வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அவ்வாறு தாக்கலான ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம், நகலும் பெறலாம். ஓய்வூதியர் சங்கம் அரசு நிதியால் நடப்பதில்லை என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சங்கச் செயலாளருக்கு நேரடியாக மனுச் செய்து பயனில்லை. ஆனால் பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம் என்பதால், அங்குள்ள கோப்பைப் பற்றி அச்சட்டப்படி கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் வழி பிறக்காவிட்டால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையொப்பமிட்டு, சட்டத்தின் 36-ஆம் பிரிவின்கீழ் விசாரணை கோரலாம். பதிவாளர் தாமாகவும் விசாரணை நடத்தலாம். இரு தரப்பினர் தனித்தனியே தேர்தல் நடத்தி, எது செல்லும் என்று சண்டையிட்டால் மட்டும் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய விவகாரமாகிவிடும்; அந்த நிலைக்குப் போன கிளைகள் பிறகு மாதக் கூட்டம் நடத்தவே திணறுகின்றன.

‘வேறு யார் வருவார்கள்?’ என்ற பேச்சை வெறும் சாக்கு என்றும் தள்ளிவிட முடியாது. எழுபத்தைந்து வயதில், அடுத்தவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு கருவூலத்துக்குப் படியேறும் செயலாளர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். தேர்தல் கேட்டுக் கையொப்பம் வாங்கும்போதே, செயலாளராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்க முன்வருபவர்களின் பெயர்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் ஆயுள் சந்தா செலுத்தியிருந்தேன். இப்போது மகனுடன் ஓசூரில் வசிக்கிறேன். இங்குள்ள கிளையில் மீண்டும் ஆயுள் சந்தா கேட்கிறார்கள். இது முறையா?
(ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்)

பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பில் மாநிலச் சங்கத்தின் பெயரும் உறுப்பினர் எண்ணும் இருந்தால், நீங்கள் சங்கத்துக்குத்தான் ஆயுள் உறுப்பினர். கிளை மாறியதால் அந்தத் தகுதி போய்விடாது. மன்னார்குடிக் கிளையிலிருந்து நிலுவை இல்லை என்ற கடிதத்தைப் பெற்று ஓசூர்க் கிளையில் கொடுத்தால் போதும். ஓசூர்க் கிளையார் கேட்பதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆயுள் சந்தாவில் கிளையின் பங்கு மன்னார்குடியில் செலவாகியிருக்கும். இங்கே கூட்ட அரங்க வாடகையும் தபால் செலவும் இவர்கள் கையிலிருந்து போகின்றன. துணைவிதி அனுமதிக்குமானால், ஆண்டுக்கு ஒரு சிறு கிளை நிதியைத் தனி ரசீதில் கொடுக்கலாம். அதை மறுபடியும் ஆயுள் சந்தா என்று வசூலிப்பது சரியன்று.

கிளை மாற்றத்தையும் கருவூல மாற்றத்தையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ஓய்வூதியம் மன்னார்குடி சார் கருவூலத்தின் வழியாக வந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் ஓசூர்க் கிளையில் உறுப்பினராக இருக்கலாம்.

கேள்வி: என் கணவர் இருபது ஆண்டுகள் சங்க உறுப்பினராக இருந்து சென்ற ஆண்டு காலமானார். சங்கத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் வரும் என்றார்கள். கிளையில் கேட்டால் தங்களிடம் அப்படி ஒரு நிதியே இல்லை என்கிறார்கள். அவருடைய உறுப்பினர் உரிமை இனி எனக்கு வருமா?
(குடும்ப ஓய்வூதியர், திண்டுக்கல் மாவட்டம்)

அம்மா, உங்களுக்குச் சொன்னவர் இரண்டைக் கலந்து சொல்லிவிட்டார். ரூ.50,000 என்பது தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதித் திட்டத்தில் வழங்கப்படும் தொகை. அதற்கான சந்தா மாதந்தோறும் ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்படும். சங்கச் சந்தாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணவருடைய கடைசி மாதங்களின் ஓய்வூதியப் பட்டியலில், மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தத்துக்கு அருகே இந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இறப்புச் சான்றிதழ், தமக்குப் பின் தொகையைப் பெற வேண்டியவர் யார் என்று அவர் கொடுத்திருந்த நியமனப் படிவத்தின் நகல், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் அவர் ஓய்வூதியம் பெற்ற கருவூலத்தில் விண்ணப்பியுங்கள். சென்னையாக இருந்தால் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நியமனப் படிவம் கிடைக்காவிட்டால் சட்டப்படியான வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். ஓராண்டாகிவிட்டது என்பதால் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

சில சங்கங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்து ஈமச்சடங்குக்கு ஒரு சிறு தொகை தருவதுண்டு. அது துணைவிதியில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே கேட்கக்கூடியது.

உறுப்பினர் உரிமை சொத்தைப் போல வாரிசுக்கு வருவதில்லை. அது உறுப்பினருடன் முடிந்துவிடும். குடும்ப ஓய்வூதியர்களைச் சேர்த்துக்கொள்ள உங்கள் சங்கத்தின் துணைவிதியில் இடமிருந்தால், புதிய உறுப்பினராக உங்கள் பெயரிலேயே சேருங்கள். சில கிளைகளில் குடும்ப ஓய்வூதியர்களைக் கூட்டத்துக்கு அழைக்கிறார்களே தவிர வாக்குரிமை தருவதில்லை. சந்தா வாங்கிக்கொண்டு வாக்கை மறுப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. சேரும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சங்கம் நடத்திய வழக்கில் வெற்றி கிடைத்து எங்களுக்கு நிலுவைத் தொகை வந்துள்ளது. அரியரில் ஒரு சதவீதம் வழக்கு நிதிக்குத் தர வேண்டும் என்கிறார்கள். தராவிட்டால் பலன் நின்றுவிடுமா? உறுப்பினர் அல்லாதவர்கள் ஒன்றும் தராமலே பலன் பெறுகிறார்களே?
(ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை உதவியாளர், மதுரை)

நின்றுவிடாது. நீதிமன்ற ஆணைப்படி அரசு வழங்கும் தொகையை நிறுத்தும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் இல்லை. நன்கொடை கேட்பது தவறன்று. கட்டாயம் என்று கேட்பது தவறு. கொடுக்கும்போது காசோலையாகவோ சங்கத்தின் வங்கிக் கணக்குக்கோ கொடுத்து, ‘வழக்கு நிதி’ என்று குறிப்பிட்ட ரசீது பெறுங்கள். வழக்குச் செலவின் மொத்தக் கணக்கைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கருவூலத்தில் ‘சீக்கிரம் முடித்துத் தருவதற்கு’ என்று தனிநபர் யாராவது ரொக்கம் கேட்டால், அவர் கிளைப் பொறுப்பாளராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள். அதற்குப் பெயர் நன்கொடை அன்று.

உறுப்பினர் அல்லாதவர்களும் பலன் பெறுவதில் மனத்தாங்கல் வேண்டாம். ஓய்வூதிய வழக்கில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு விதியின் விளக்கம். அவ்விதிக்கு உட்பட்ட எல்லாருக்கும் அது பொருந்துவதே முறை. நாம் ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவதற்குக் காரணமான நகாரா வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 மார்ச் 31-ஐ எல்லைத் தேதியாக வைத்து, அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குத் திருத்திய ஓய்வூதியக் கணக்கீட்டை மறுத்தது செல்லாது என்று 1982 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மனுதாரர்களில் இருவர் ஓய்வூதியர்கள். மூன்றாவது மனுதாரர் பதிவு பெற்ற ஒரு சங்கம். ஓய்வூதியர்களுக்காகச் சங்கம் வழக்காட முடியுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது, முடியும் என்று விடையும் கிடைத்தது. வழக்குத் தொடுத்தவர்களோடு அப்பலன் நின்றிருந்தால், இன்று நாம் கொண்டாட அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மற்றவர் வழக்கு முடியட்டும் என்று பல ஆண்டுகள் உறங்கிவிட்டுப் பிறகு வருபவருக்குத் தாமதத்தைக் காரணம் காட்டி நிலுவையை நீதிமன்றங்கள் மறுத்ததுண்டு. தீர்ப்பு வந்தவுடன், உறுப்பினரோ அல்லரோ, துறைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பிவைப்பது அவசியம்.

கேள்வி: துறைவாரிச் சங்கத்திலும் பொதுவான ஓய்வூதியர் சங்கத்திலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்கலாமா?
(ஓய்வுபெற்ற செவிலியர், சேலம்)

துணைவிதி தடுக்காவிட்டால் இருக்கலாம். இரண்டிலும் பொறுப்பு வகிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ‘உங்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லையே, எப்படி உறுப்பினராக்குவது?’ என்று கிளையில் கேட்கிறார்கள்.
(ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்)

2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 அவர்களுக்குப் பொருந்தாமல் போயின. பழைய துணைவிதிகளில் பல அதற்கு முன் எழுதப்பட்டவை. ஆகவே அவற்றில் ‘ஓய்வூதியம் பெறுபவர்’ என்ற சொல் இருக்கும். ‘ஓய்வுபெற்ற அரசு ஊழியர்’ என்று இருந்தால் உங்களைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. ‘ஓய்வூதியம் பெறுபவர்’ என்று மட்டும் இருந்தால் மாநிலப் பொதுக்குழுவில் துணைவிதியைத் திருத்த வேண்டும், கிளை தானாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. கிளையார் தேட வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான். உங்களிடம் அப்படிக் கேட்டிருக்கத் தேவையில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துச் சங்கத்தில் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பாளர் எவரும் இத்திருத்தத்தை ஒத்திப்போட மாட்டார்.

கேள்வி: ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நேர்காணலுக்கு உதவுவதற்காக எங்கள் கிளை வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய பி.பி.ஓ. (ஓய்வூதியக் கொடுப்பாணை) எண், ஆதார் எண், கைப்பேசி எண் அடங்கிய பட்டியலைப் படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். இது ஆபத்தில்லையா?
(ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சார்பதிவாளர், ஈரோடு)

ஆபத்துதான். உடனே நீக்கச் சொல்லுங்கள். இந்த மூன்று எண்களும் கையில் இருப்பவர், ‘கருவூலத்திலிருந்து பேசுகிறோம், வாழ்நாள் சான்று காலாவதியாகிவிட்டது’ என்று தொலைபேசியில் பேசினால் எவரும் நம்பிவிடுவார்கள். அடுத்து அவர் கேட்பது ஓ.டி.பி. எண்ணாக இருக்கும். கருவூலம் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பதில்லை.

உதவி செய்யும் எண்ணம் நல்லதே. 2022 ஜூலை முதல், எல்லாரும் ஏப்ரல் முதல் ஜூன் வரை வரிசையில் நின்ற பழைய முறை மாறி, ஓய்வூதியர்கள் தாம் ஓய்வுபெற்ற மாதத்தில் நேர்காணல் செய்யும் முறை வந்துள்ளது. ஆகவே கிளைக்குத் தேவை, எந்த மாதத்தில் யார் யார் என்ற பட்டியல் மட்டுமே: பெயரும் மாதமும் போதும், எண் எதுவும் வேண்டாம். நடமாட முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து, கைரேகை பெற்று மின்னணு வாழ்நாள் சான்று பதிவு செய்துதருவார்; அதற்கு அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியின் கட்டணம் ரூ.70.

கேள்வி: எங்கள் கிளை மாதந்தோறும் கூட்டம் நடத்திச் செய்தி அனுப்புகிறது, சங்க இதழில் இரண்டு வரிதான் வருகிறது. விரிவாக வெளிவர என்ன செய்ய வேண்டும்?
(வட்டக்கிளைச் செயலாளர், தென்காசி மாவட்டம்)

யார் தலைமை வகித்தார், யார் முன்னிலை வகித்தார், யார் யாருக்குச் சால்வை அணிவித்தார் என்பதை எல்லாக் கிளைகளும் எழுதுகின்றன. ஆசிரியர் வெட்டுவதும் அதைத்தான். என்ன தீர்மானம் நிறைவேறியது, சென்ற மாதத் தீர்மானம் என்னவாயிற்று, மாவட்ட ஆட்சியரகத்தில் நடந்த ஓய்வூதியர் குறைதீர்க்கும் கூட்டத்தில் எத்தனை மனுக்கள் கொடுத்தீர்கள், எத்தனைக்கு விடை வந்தது என்று எழுதிப் பாருங்கள். பக்கத்துக் கிளைக்குப் பயன்படும் செய்தியை எந்த ஆசிரியரும் குறைக்க மாட்டார்.

உங்கள் கடிதத்துடன் இணைத்த அழைப்பிதழில், எண்பது வயது நிறைந்தவர்களைப் பாராட்டும் நிகழ்ச்சி இருக்கிறது. அதில் செய்தியாகத் தகுந்த ஒரு வேலையும் இருக்கிறது. எண்பது வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. 85-இல் அது 30 சதவீதம், 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியர்களுக்கும் அவர்களுடைய வயதைக் கணக்கிட்டு இது பொருந்தும். ஆனால் பழைய கொடுப்பாணைகள் பலவற்றில் ஓய்வூதியரின் பிறந்த தேதிதான் இருக்கும். மனைவியின் பிறந்த தேதி இருக்காது. தேதி இல்லாவிட்டால் கூடுதல் தொகை தானாகத் தொடங்காது, அந்த அம்மையாருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. மேடையில் உட்காரவைப்பதற்கு முன், உங்கள் கிளையில் எழுபத்தெட்டு வயதைக் கடந்த குடும்ப ஓய்வூதியர்களின் கொடுப்பாணைகளை வாங்கிப் பாருங்கள். பிறந்த தேதி விடுபட்டிருந்தால், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் போன்ற வயதுக்கான ஆவணத்துடன் கருவூலத்தில் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் அதை முன்னதாகத் திருத்திக்கொள்வது நல்லது.