பழைய விளையாட்டுக்கு எந்தத் திரை?

கேள்வி: பழைய வீடியோ கேம்களைக் கணினியில் எமுலேட்டர் (பழைய விளையாட்டுக் கருவியைப்போல் இயங்கும் மென்பொருள்) வழியே விளையாடுகிறேன். பிக்சர் டியூப் டிவி வாங்கலாமா, தட்டைத் திரை போதுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த டியூப் டிவியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மழை நாளில் அதன் சூட்டுக்குப் பூனை மேலேறிப் படுத்துவிடும். படத்தின் அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் இன்றைய கணினியை அதில் நேராகச் செருக முடியாது, பழுதுபார்ப்பவரும் அரிது.

அகலத்தில் 1600, உயரத்தில் 1200 புள்ளிகள் உள்ள பழைய தட்டைத் திரை மானிட்டர் கிடைத்தால் விடாதீர்கள். அக்கால விளையாட்டுகள் பலவற்றின் படத்தில் மேலிருந்து கீழாக 240 புள்ளி வரிகள். ஐந்தால் பெருக்கினால் அச்சாக 1200. 1080 வரித் திரையை நிரப்ப நாலரை மடங்கு ஆக்க வேண்டும். அப்போது சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் போய், காட்சி நகரும்போது தரை நெளியும். நான்கு மடங்கோடு நிறுத்தி, சுற்றிலும் கறுப்பு ஓரம் விடுங்கள்.

படம் 4:3 வடிவிலேயே (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) இருக்கட்டும். அகலத்துக்கு இழுத்தால், தீபாவளி முறுக்கை ஒரு மாதம் தின்றவன்போல் நாயகன் உப்பிவிடுவான்.