சுவரில் வரையுங்கள், பட்டாம்பூச்சி மட்டும் வேண்டாம்

கேள்வி:

அக்கா, எனக்கு வயது 46. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஓவிய ஆசிரியை. 19 வயதில் விரல்களில் வெண்புள்ளி வந்தது. இப்போது இரண்டு கைகளிலும் கழுத்திலும் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக முழுக்கை ரவிக்கைதான். என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கண்களைச் சுற்றி வெண்புள்ளி. ஒருநாள் 'உங்கள் படத்தை நீங்களே வரையுங்கள்' என்றேன். பாவாடை, ரிப்பன், கை, கால் எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்தவள் முகத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஜூன் 25 உலக வெண்புள்ளி தினத்துக்குள், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் பெரிய ஓவியம் வரைய ஆசை. அந்தப் பெண்ணின் முகம். கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை, பட்டாம்பூச்சிச் சிறகாக விரிகிற மாதிரி. அன்று மற்ற பிள்ளைகளும் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வரட்டும் என்று ஒரு யோசனை. தலைமை ஆசிரியர் சரி என்றுவிட்டார். வீட்டில்தான் பிரச்சினை. "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?" என்கிறார் மாமியார். கணவர் வாயே திறக்கவில்லை. மகளுக்கு 23 வயது, அவளுக்கு வெண்புள்ளி இல்லை. ஒரு படத்தால் என்ன மாறிவிடப்போகிறது என்று எனக்கே சில சமயம் தோன்றுகிறது. வரையட்டுமா, வேண்டாமா?

– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வரையுங்கள். அந்தப் பட்டாம்பூச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.

காரணம் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு ஆல்பம் ஒன்று. 1978-இல் என் சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் நான் நிற்கிறேன், ஐந்து வயது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு. என் தோளில் ஒரு கை. நாலு கண்ணாடி வளையல், விரல் முட்டிகளில் எல்லாம் வெள்ளை. அது என் பெரிய அத்தையின் கை. முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வந்து பாத்திரக் கணக்கு பார்த்து, ராத்திரி எங்களையெல்லாம் வரிசையாகப் படுக்கவைத்துக் கதை சொன்னவர் அவர். அத்தனை படங்களில் அவர் இருப்பது அந்த ஒரு கையாக மட்டும்தான். யாரும் அவரைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. ஃபோட்டோகிராஃபர் கேமராவைத் தூக்கினால் அவரே நகர்ந்துவிடுவார். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க அத்தை இல்லை.

உங்கள் கடிதத்தில் முழுக்கை ரவிக்கை என்று படித்ததும் அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

ஒரு படத்தால் என்ன மாறும் என்று கேட்டீர்கள். பஸ்ஸில் நீங்கள் கம்பியைப் பிடித்ததும் பக்கத்தில் நிற்பவர் உங்கள் விரல்களைப் பார்ப்பார். நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள் என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அரைகுறையாகப் பார்த்த அந்தப் பார்வையில்தான் மிச்சக் கற்பனை எல்லாம் முளைக்கிறது: ஒட்டிக்கொள்ளுமோ, மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பாளோ, என்ன பாவமோ. சுவரில் இருக்கிற ஆளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம், அவருக்கு ஒன்றும் ஆகாது. பஸ் வரும்வரை வேறு வேலையும் இல்லை. முதல் நாள் முறைத்துப் பார்ப்பார்கள், நாலாம் நாள் சும்மா பார்ப்பார்கள், பத்தாம் நாள் அதில் சாய்ந்துகொண்டு செல்போனை நோண்டுவார்கள். உங்கள் ஓவியம் அந்தப் பத்தாம் நாளுக்காகத்தான். அதைத் தாண்டி அது எதையும் சாதிக்க வேண்டியதில்லை.

பட்டாம்பூச்சி வரைந்தால் இது நடக்காது. 'அட, அழகா இருக்கே' என்று சிறகைப் பார்ப்பார்கள், தோலைப் பார்க்க மாட்டார்கள். மேகம், உலக வரைபடம் எல்லாம் இதே கதைதான். புள்ளிக் கோலம் எனக்கே முதலில் தோன்றியது, பெயரிலேயே புள்ளி இருக்கிறதே என்று. வேண்டாம். வெண்புள்ளி உள்ள பெண், வேறு ஏதாவது அழகான பொருளாக மாறினால்தான் நாம் ஏற்றுக்கொள்வோமா?

அமெரிக்காவில் ஆஷ் சோட்டோ என்ற இளம்பெண் தன் உடம்பில் இருந்த வெண்புள்ளிகளின் ஓரத்தைக் கறுப்பு மார்க்கரால் வரைந்து காட்டியபோது அது நிஜமாகவே உலக வரைபடம் மாதிரி இருந்தது, உலகமே பார்த்தது. அது அவருடைய உடம்பு, அவர் கையிலிருந்த மார்க்கர். அதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வரைய நினைப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் முகத்தை அல்லவா?

அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பன்னிரண்டு வயதில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எட்டடி உயரத்தில் தன் முகம் இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வருவது லேசான காரியமில்லை. அவள் சரி என்றாலும் நம்ப வேண்டாம். டீச்சர் கேட்டால் பிள்ளைகள் சரி என்றுதான் சொல்வார்கள். அவளுடைய அம்மா அப்பாவும் டீச்சரிடம் 'மாட்டோம்' என்று சொல்லத் தயங்குவார்கள். அவள் முகம் சுவருக்கு வேண்டாம். தூரிகை பிடித்து உதவ வருகிறாளா என்று மட்டும் கேளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அவள் முகத்தை வெள்ளையாக விட்டதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் சரியாக இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஒரே முகத்தில் பழுப்பும் வெள்ளையும் எப்படித் தீட்டுவது என்று தெரியாமல் நிறுத்தியிருக்கலாம். கிரேயான் டப்பாவில் 'ஸ்கின் கலர்' என்று சொல்லி ஒரு வெளிறிய ரோஸ் நிறம் இருக்குமே, நம் ஊரில் அந்தத் தோல் யாருக்கு இருக்கிறது? அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனியே அதற்கு வைத்திருந்த 'ஃப்ளெஷ்' (சதை) என்ற பெயரை 1962-இல் எடுத்துவிட்டு 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் இன்னும் 'மிஸ், ஸ்கின் கலர் குடுங்க' என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் ஓவிய ஆசிரியை. பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர், ஒரு துளி நீலம் கலந்தால் அவரவர் நிறம் வந்துவிடும் என்பதை வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுங்கள், அவளுக்கென்று தனியாக இல்லாமல். வாட்டர் கலரில் வெள்ளையைத் தீட்டுவதில்லை, காகிதத்தை அப்படியே விட்டுவிடுகிறோம் என்பதையும். வெண்புள்ளியும் கிட்டத்தட்ட அதுதான். தோலுக்கு நிறம் தரும் செல்களை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாகத் தாக்கி அழித்துவிடுகிறது, அந்த இடத்தில் நிறமி இல்லை, அவ்வளவுதான். அப்புறம் அதே பயிற்சியை இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள். அவள் என்ன வரைகிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

சரி, சுவரில் யாரை வரைவது? ஆட்களை. அதுவும் தொடுகிற, எடுத்துக் கொடுக்கிற வேலை செய்யும் ஆட்களை. டிகிரி காபி ஆற்றுகிற கை, வெற்றிலைக் கவுளி எண்ணுகிற கை, பூ கட்டுகிற விரல்கள், டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர். நம் ஊருக்கு உதறல் எடுப்பது அங்கேதான். முகத்தில் வெள்ளை இருந்தால் பாவம் என்பார்கள், காபி டம்ளரைப் பிடித்த விரலில் இருந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஏழெட்டுப் பேரை வரைந்து, இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வெண்புள்ளி போடுங்கள். அந்த வெள்ளையையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி தட்டையாகப் போடாதீர்கள். நிழல் விழுந்தால் புள்ளியின் மேலும் விழ வேண்டும். உதட்டோரத்தில் லேசாக ரோஸ் வர வேண்டும். உங்கள் கையைப் பார்த்து வரையுங்கள், அதைவிட நல்ல மாடல் கிடைக்காது.

மாடல் என்றதும் ஞாபகம் வருகிறது. கனடாவின் வின்னி ஹார்லோ முகத்திலும் உடம்பிலும் வெண்புள்ளியோடு பெரிய ஃபேஷன் மேடைகளில் நடப்பவர். 'வெண்புள்ளி மாடல்' என்ற பட்டத்தை அவர் ஏற்பதில்லை, வெறும் மாடல் என்றால் போதும் என்கிறார். உங்கள் காபிக்காரரும் வெறும் காபிக்காரராக இருக்கட்டும்.

பிள்ளைகள் முகத்தில் வெள்ளை பூசுவது வேண்டவே வேண்டாம். சாயங்காலம் சோப்புப் போட்டால் அவர்களுக்குப் போய்விடும். அவளுக்கு? தவிர, கண்ட பெயின்டை முகத்தில் பூசுவதும் நல்லதில்லை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோலில் காயம் படும் இடத்தில் புதிதாகப் புள்ளி கிளம்புவது உண்டு. அதனால் பச்சை குத்தி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் தோல் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருக்கும் ரசாயனம் நெற்றியில் வெள்ளை விழவைப்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இதையெல்லாம் ஜூன் 25 அன்று பிரேயரில் ஐந்து நிமிடம் பேசுங்கள். அந்தத் தேதி ஏன் என்பதிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்: மைக்கேல் ஜாக்சன் 2009-இல் இறந்த நாள் அது. வெள்ளையாவதற்காகத் தோலை வெளுத்துக்கொண்டார் என்று ஊரே பேசியது. தனக்கு வெண்புள்ளி என்று 1993-இல் டிவி பேட்டியில் அவரே சொன்னார், பலர் நம்பவில்லை. இறந்த பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கையில்தான் அது உறுதியானது.

சுவரில் எழுத்து வேண்டுமென்றால் ஒரே வரி: 'வெண்புள்ளி தொட்டால் ஒட்டாது.' போதும். 'இது குஷ்டம் அல்ல' என்று எழுதிவிடாதீர்கள். எழுதத் தோன்றும், ஏனென்றால் அந்தப் பழைய பெயர் செய்த கொடுமை அப்படி. வெண்குஷ்டம் என்று சொல்லக் கூடாது, வெண்புள்ளி என்றே சொல்ல வேண்டும் என்று தமிழக அரசு 2010-இல் ஆணையே போட்டது. ஆனால் 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று சுவரில் எழுதினால், தொழுநோய் வந்தவரை ஒதுக்குவது சரி என்று ஆகிவிடாதா? அதுவும் 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய்தான். தோலில் வெளிறிய திட்டு வந்து அந்த இடத்தில் உணர்ச்சியும் இல்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். அப்படித் திட்டு வந்தவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அது யாருக்கும் நல்லதில்லை.

இனி மாமியார். அவர் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வரன் பார்க்க வருகிறவர்கள் எப்படியெல்லாம் விசாரிப்பார்கள் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வெண்புள்ளிக்குக் கொஞ்சம் பரம்பரைத் தொடர்பு உண்டு, இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் வெண்புள்ளி வந்தவர்களில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை. உலகத்தில் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேர் வரை இருக்கிறது என்கிறார்கள். வருகிற சம்பந்தி வீட்டில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ முழுக்கைச் சட்டையோடு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அவர்கள் எப்படியும் உங்கள் கழுத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். மறைத்துக் கல்யாணம் முடித்துவிட்டு, பிறகு தெரிந்து உங்கள் மகள் அங்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, சுவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வருவது மேல். ஆனால் இதில் நானும் மாமியாரும் பேசுவதைவிட முக்கியமான ஒருத்தி இருக்கிறாள். 23 வயதுப் பெண் என்ன சொன்னாள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! அவளை உட்காரவைத்துக் கேளுங்கள். 'ஆறு மாதம் பொறும்மா' என்றால் பொறுங்கள். சுவர் எங்கேயும் போகாது, அடுத்த வருடமும் ஜூன் 25 வரும். 'நானும் வரைய வரேன்' என்றால் மாமியாருக்கு வேறு பதில் தேவையில்லை. கணவரைத் தண்ணீர் வாளி தூக்கச் சொல்லுங்கள், வாய் தானாகத் திறக்கும்.

முழுக்கை ரவிக்கையை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வெண்புள்ளி உள்ள தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும். மே, ஜூனில் சுவருக்கு முன்னால் நிற்பதானால் கை மூடியிருப்பதே நல்லது. கழுத்துக்கு சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் வரையுங்கள். சுவரைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு ஆரம்பியுங்கள். பிரைமரையே வெள்ளையாக விட்டுவிடலாம் என்று வாட்டர் கலர் புத்தி சொல்லும், கேட்காதீர்கள். பஸ் நிறுத்தத்துப் புழுதியில் ஆறே மாதத்தில் அது பழுப்பாகி, உங்கள் காபிக்காரருக்கு வெண்புள்ளி குணமாகிவிடும். வெளிச்சுவருக்கான எமல்ஷனில் நல்ல வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள், அதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா