வீட்டை லாயத்தின் பக்கம் பார்

லண்டன் வந்து மூன்று மாதம், வங்கி வேலை, நீலகிரி வெலிங்டனில் சின்ன வயதிலிருந்து குதிரை ஏறிய பழக்கம், பள்ளி நாட்களில் தடை தாண்டும் போட்டியில் கோப்பை. "அக்கா, ஆபீஸையும் வைத்துக்கொண்டு இங்கே ஒழுங்காகப் போட்டிக்குப் போக முடியுமா, சொந்தக் குதிரை இல்லாமல் ஆகுமா, இல்லை இதெல்லாம் பணக்காரர் விளையாட்டா?" என்று கேட்டிருக்கிறாய். ஊருக்கு வந்திருக்கிறேன், குன்னூரில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். வெளியே சீசன் கூட்டத்தின் ஹாரன் சத்தம், அதனால் நடுநடுவே எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

முடியும். நீ பணத்திலிருந்து கேள்வியைத் தொடங்கியிருக்கிறாய். நான் வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன். நம் மலையில் டிசம்பரிலும் மாலை ஆறு வரை கண் தெரியும். லண்டனில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். நீ ஆபீஸிலிருந்து இறங்கும்போது இருட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஜூனில் தலைகீழ். ஒன்பது மணி தாண்டியும் வெயில் இருக்கும், ஆபீஸ் முடிந்து இரண்டு குதிரை ஏறிவிட்டு வீட்டுக்கு வந்து சமைக்கலாம். அதனால் ஒரு லாயத்துக்குப் போனால் குதிரை எப்படி என்று கேட்பதற்கு முன் மணல் மைதானத்தில் விளக்கு உண்டா, எத்தனை மணி வரை போட விடுவார்கள் என்று கேள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்வதால் எட்டு மணிக்கே அணைத்துவிடும் இடங்கள் உண்டு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உன் சவாரி உயிரோடு இருக்குமா இல்லையா என்பது அந்த விளக்கில்தான் இருக்கிறது.

அடுத்தது வீடு. நம் ஆட்கள் வந்ததும் ஈஸ்ட் ஹாம், ஹேரோ, டூட்டிங் என்று போவார்கள். கறிவேப்பிலை கிடைக்கும், கோவில் இருக்கும், ஆபீஸுக்கும் ரயில் இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் குதிரை அங்கே இல்லை. ஆபீஸ் பக்கம் வீடு பிடித்துவிட்டு அப்புறம் லாயம் தேடுகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். நீ மாற்றிச் செய். முதலில் லாயத்தை முடிவு செய், அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் வீடு பார், ஆபீஸுக்கு ரயில் பிடி. லண்டனைச் சுற்றியுள்ள சர்ரே, கென்ட், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், எசெக்ஸ் நான்கிலிருந்தும் நகரத்துக்கு நேர் ரயில் உண்டு. என் வீடு சர்ரேயில். லாயம் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில். காலையில் சவாரி, அங்கேயே உடை மாற்றிக்கொண்டு வாட்டர்லூ ரயில். மாலையில் செய்துகொள்ளலாம் என்று வைத்த எந்தத் திட்டமும் ஒரு மீட்டிங் நீண்டால் போச்சு. காலை ஆறு மணிக்கு யாரும் மீட்டிங் போடுவதில்லை.

அதுவரை கைவிட்டுப் போகாமல் இருக்க, உன் ஆபீஸ் கேனரி வார்ஃபில்தானே, பக்கத்திலேயே மட்ஷூட் பண்ணையில் சவாரிப் பள்ளி இருக்கிறது. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கீழே ஆடு மேய்கிற இடம். அங்கே பாடம் எடுத்துக்கொள். போட்டிக்குத் தயாராவதற்கு மட்டும் ஊரை விட்டு வெளியே வந்துதான் ஆகவேண்டும்.

மேனேஜரிடம் ஒளிக்காதே. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கும் உரிமை அங்கே உண்டு. இரண்டு மாதத்துக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், மறுக்கவும் செய்யலாம். வெள்ளிக்கிழமை வேண்டும் என்று கேட்காதே, எல்லோரும் கேட்பது அதுதான். வாரத்தில் இரண்டு நாள் பத்து மணிக்கு வந்து தாமதமாகப் போகிறேன் என்று கேள், கிடைக்கும். போட்டித் தேதிகளை மார்ச்சுக்கு முன்பே காட்டிவிடு.

லீவு தனிக் கணக்கு. ஐந்து நாள் வேலைக்காரருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள், அதில் பொது விடுமுறை எட்டையும் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 20. ஊருக்கும் வரவேண்டும், போட்டிக்கும் போகவேண்டும். நம்மவர்கள் மே மாதம்தான் ஊருக்கு வருவார்கள், மலர்க்கண்காட்சி, பள்ளி விடுமுறை என்று. ஆனால் மூன்று வகைச் சவாரியும் சேர்ந்த ஈவென்டிங் போட்டியின் சீசன் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, மே அதன் நடுமுதுகு. அக்கா மகள் கல்யாணம் இல்லாவிட்டால் நான் இப்போது இங்கே இருக்கமாட்டேன். வழக்கமாகப் பொங்கலுக்குத்தான் வருவேன். ஊட்டியில் உறைபனி, கூட்டமும் இல்லை, இங்கிலாந்தில் எதையும் தவறவிடவும் இல்லை.

இப்போது சொந்தக் குதிரை. வாங்காதே, முதல் இரண்டு வருஷமாவது. லிவரி யார்டில், அதாவது கட்டணத்துக்கு அடுத்தவர் குதிரைக்கு இடம் தரும் லாயத்தில், குதிரையை விட்டுவைக்க மூன்று விதம். எல்லாம் நீயே செய்வது, பாதி அவர்கள் செய்வது, முழுக்க அவர்கள் செய்வது. ஆபீஸ் போகிறவளுக்கு முதல் விதம் கனவில்கூட ஆகாது. மூன்றாவது லண்டனைச் சுற்றி மாதம் 1,000 பவுண்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதன் மேல் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம், தடுப்பூசி, பல், இன்சூரன்ஸ், போட்டிக்குக் கொண்டுபோக வண்டி. குதிரை நொண்டினாலும் இதில் எதுவும் நிற்காது.

பங்குக்கு எடு. அங்கே இது சாதாரண ஏற்பாடு. குதிரை வைத்திருப்பவருக்கு வாரம் ஏழு நாளும் ஏற நேரம் இருக்காது, நீ இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு செலவில் ஒரு பகுதி கொடுப்பாய். போட்டிக்குக் கொண்டுபோகலாமா, விழுந்தாலோ குதிரைக்கு அடிபட்டாலோ யார் பொறுப்பு, எத்தனை நாள் முன்னறிவிப்பு, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பங்குக்கு வருகிறவர்களில் பலர் 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' ரகம். சனிக்கிழமை காட்டுப்பாதை வேண்டும், செவ்வாய்க்கிழமை சாணி வேண்டாம். நீ செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்கு, ஒரே மாதத்தில் உன்னை விடமாட்டார்கள். வெலிங்டனில் சைஸ் என்கிற குதிரைக்காரர் சேணம் பூட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார். லண்டனில் வங்கியில் பெரிய பதவியில் இருப்பவரும் தானே மண்வாரி பிடித்துச் சுத்தம் செய்கிறார். ஒரு மணி நேரச் சவாரிக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கு.

'பணக்காரர் விளையாட்டா' என்றாய். உச்சியில் ஆமாம், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஊட்டியை நினைத்துப் பார். ரேஸ்கோர்ஸில் குதிரைக்கு உரிமையாளர்கள் வேறு, குதிரையைத் தெரிந்தவர்கள் வேறு. தெரிந்தவர்கள் லாயத்தில் படுத்தவர்களும் ஏரிக்கரையில் மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும்தான். (அந்த மைதானத்தையும் 2024-ல் அரசு எடுத்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அதை அரசின் கையில் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.) உன் மாமா லாயத்தில் வேலை பார்த்தவர், குளம்பைத் தூக்கிச் சூடு பார்க்க உனக்குக் கற்றுக்கொடுத்தவர். இங்கிலாந்தில் நல்ல லாயக்காரர் முதல் பத்து நிமிஷம் அதைத்தான் கவனிக்கிறார். குதிரைக்கு எந்தப் பக்கமாக வருகிறாய், கேட்டை மூடினாயா, இறங்கியதும் வாரைத் தளர்த்தினாயா. உன் ஆங்கில உச்சரிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எந்தப் போட்டி? நம் மலைப் பிள்ளைகளுக்குத் தைரியம் அதிகம். ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளிச் சரிவுகளில் இறக்கத்தில் ஓட்டிப் பழகினவளுக்கு இங்கிலாந்துச் சகதி பயமில்லை. குறை எங்கே என்றால் வட்டத்தில். 20 மீட்டர் வட்டத்தை வட்டமாகப் போடச் சொன்னால் முட்டையாகப் போடுவோம். அதனால் டிரெசாஜில் ஆரம்பி, தடை தாண்டாமல் குறித்த அசைவுகளைத் துல்லியமாகச் செய்துகாட்டும் போட்டி அது. சலிப்பாகத் தெரியும், தெரியட்டும். ஒவ்வொரு அசைவுக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டு நடுவரின் குறிப்புகளோடு தாள் கையில் வரும், காசு கொடுத்த பாடத்தில்கூட இவ்வளவு நேர்மை கிடைக்காது. ஆபீஸ்காரருக்கு இன்னொரு வசதி: உன் முறை எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே மாலை நேரப் போட்டிகளும் நடக்கும்.

அடுத்த வசந்தத்தில் ஈவென்டிங்குக்கு வா. பிரிட்டிஷ் ஈவென்டிங் அமைப்பின் போட்டிகளில் தடையின் உயரத்தை வைத்து 80, 90, 100 என்று சென்டிமீட்டர் கணக்கில் படிகள், அதற்கு மேல் நாவிஸ் என்ற படி. கோப்பை வாங்கியவள் என்று 100-ல் நுழையாதே. டிரெசாஜ், தடை தாண்டல், வெட்டவெளியில் நிலையான தடைகளைத் தாண்டி ஓட்டும் கிராஸ் கன்ட்ரி மூன்றும் ஒரே நாளில் முடியும். தடை தாண்டலில் ஒரு கட்டை விழுந்தால் 4 அபராதப் புள்ளி, கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒருமுறை மறுத்தால் 20. ஆனால் டிரெசாஜில் இழந்ததை அதன்பின் எதிலும் திரும்பப் பெற முடியாது. அதற்குத்தான் அந்த வட்டம். உள்ளூர் ரைடிங் கிளப்பிலும் சேர்ந்துவிடு. அங்கே இருப்பவர்கள் நர்ஸ், வக்கீல், பள்ளி ஆசிரியை, எல்லோரும் உன்னைப் போல நேரத்தைத் திருடுகிறவர்கள். வண்டியில் உன் குதிரைக்கு இடம் கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

உன் அம்மா போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க விழுந்தா யாரு பாப்பாங்க கண்ணு?" என்றார். கல்யாணப் பேச்சும் வந்தது, அதை நீயே பார்த்துக்கொள். விழுவதைப் பற்றிச் சொல்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தொப்பியைத் தூக்கிப் போடு. அங்கே போட்டிகளில் எந்தத் தரச்சான்று உள்ள தொப்பி செல்லும் என்று விதி இருக்கிறது, சரிபார்த்து அடையாளச் சீட்டுக் கட்டுவார்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் புதிதுதான். கிராஸ் கன்ட்ரிக்கு உடல் கவசம் கட்டாயம், காற்றுப்பை மேலங்கி அதன் மேல்தான், அதற்குப் பதிலாக அல்ல. அங்கே விழுந்தால் அன்றைய போட்டி முடிந்தது, ஏறி ஓட்டி வீரம் காட்ட விடமாட்டார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். பாதி நம்பினார்.

விசா விஷயம் ஒன்று. வேலை விசாவில் வந்திருக்கிறாய். நன்றாக ஏறுகிறாய் என்று தெரிந்ததும் "என் குதிரையைப் பழக்கிக் கொடு, மணிக்கு இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது கேட்பார்கள். உன் விசா நிபந்தனையைப் படிக்காமல் ஒரு பவுண்டும் வாங்காதே.

இருபத்தைந்து வயது தாமதமா என்றும் கேட்டாய். ஹிரோஷி ஹோகெட்ஸு என்ற ஜப்பான்காரர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தடை தாண்டினார். பிறகு மருத்துவப் பொருள் நிறுவனத்தில் நிர்வாகியாக நெடுங்காலம் வேலை, காலையில் குதிரை, அப்புறம் ஆபீஸ். ஓய்வு பெற்றபின் 2008-ல் மறுபடி ஒலிம்பிக், 2012-ல் லண்டனில் 71 வயதில் டிரெசாஜ். இந்தியாவுக்காக ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு பாதை. 2018 ஆசிய விளையாட்டில் ஈவென்டிங்கில் வெள்ளி வாங்கிய ஃபவாத் மிர்சாவும், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெசாஜ் அணித் தங்கம் வாங்கிய அனுஷ் அகர்வாலாவும் ஜெர்மனிக்குப் போய் முழுநேரமாக உழைத்தவர்கள். ஆபீஸ் வேலையோடு அந்த உயரம் வராது. நாவிஸ் வரை வரும், நல்ல குதிரையும் பொறுமையும் வாய்த்தால் அதற்கு மேலும் ஒரு படி. எனக்கு அது போதுமாக இருக்கிறது. உனக்குப் போதுமா என்று இரண்டு குளிர்காலம் கழித்துத்தான் தெரியும்.

ஜூன் முதல் வாரம் திரும்பிவிடுவேன். எங்கள் யார்டில் ஒரு அம்மாவுக்கு முழங்கால் அறுவை, பதினாறு கை (சுமார் 163 செ.மீ.) உயரச் செம்பழுப்புக் குதிரை சும்மா நிற்கிறது, கொஞ்சம் முரடு. சனிக்கிழமை காலை ஏழுக்கு வா. ஜீன்ஸ் போட்டு வராதே, உள்தொடை உரிந்துவிடும். உன் அம்மா கொடுத்த வர்க்கிப் பொட்டலத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்.